வெட்ட வெட்ட வர்ற செடி

சித்த நகந்து உக்காருங்க அம்மிணி. நானும் இந்த ஓரமா ஒட்டிக்கறேன். சத்தியமங்கலத்துல இருந்து நின்னுக்கிட்டே வந்தனுங்க, காலு ரண்டும் மரத்துப்போச்சு.

நீங்க சன்னலோரத்துப் பெட்டுக்காரங்கதானுங்களே? படுத்திருக்கறது உங்க மாமியாருங்களா? இடுப்பெலும்பா? அடப்பாவமே. இந்த ஆஸ்பத்திரியைக் கூட்டறாங்களே அந்த அம்மா சொன்னாங்க, "உங்க தங்கச்சி அந்த அம்மிணிகிட்டத்தான் ரண்டு வார்த்தை பேசுது, வேற ஆருகிட்டயும் வாயைத் தொறக்கறதில்லை"ன்னு. அதனாலதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். தப்பா நெனைக்காதீங்க.

பக்கத்துப் பெட்டுல கெடக்கறது என்ற தங்கச்சி. வசந்தாமணி. நான் தெய்வாத்தா. என்ற பேரைச் சொல்லியிருக்காளா உங்ககிட்ட? இல்லீங்களா. செரி. சொல்லமாட்டா.

வாரா வாரம் வர்றனுங்க. ஆட்டுக்கால் சூப்பு வெச்சுத் தூக்குப்போசியில ஊத்திக் கொண்டாறேன். "எங்கக்காளை மட்டும் உள்ள விடவேண்டாம்"னு நர்சம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கா. போசி உள்ள போகும், காலியாத் திரும்பி வரும். குடிக்கறாளா கொட்டறாளான்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்திருப்பீங்களே? ஓ, நீங்கதான் குடிக்கறீங்களா. அட, அதுக்கு எதுக்குங்க சங்கடப்படறீங்க. ஆரோ ஒருத்தர் வயித்துக்குப் போகுதே. உப்பு செரியா இருந்துச்சா?

ஆனா இன்னிக்கு நான் சூப்புக்காக வர்லீங்க. அவகிட்ட ஒண்ணு கேக்கோணும், இன்னிக்கே கேக்கோணும். அவ ஊட்டுக்காரரு நாச்சிமுத்து இருக்காரே, அந்த மனுசன் செத்துப்போயிருவாருங்க. பயமுறுத்தறதுக்குச் சொல்லலை. நேத்து என்ற கண்ணுல பாத்துட்டு வந்திருக்கேன். ஊரே சொல்லியும் கேக்கலை. வசந்தாமணி ஒருத்தி சொன்னாத்தான் கேப்பாரு. அவளோ என்னை உள்ள விடமாட்டீங்கறா. நீங்கதான் எனக்காகப் போயிப் பேசோணும். அதுக்கு உங்களுக்கு வெவரம் தெரியோணுமில்ல? நடந்ததை நடந்தபடி சொல்றேன். என்ற பக்கமாச் சாச்சுச் சொல்லமாட்டேன்.

எங்கூரு மலையடிவாரமுங்க. ஊருக்கு மேக்கால மேய்ச்சக்காடு, அதைத் தாண்டிப் பள்ளம், தண்ணி ஓடுற பள்ளம், அதுக்கு அக்கட்டப் பாரஸ்டு. அந்த மேய்ச்சக்காடு பூராவும் உண்ணிச்செடி. நீங்களும் பாத்திருப்பீங்க, மஞ்சளும் ரோசுமாக் கொத்துக் கொத்தாப் பூத்து, மொளகு மாதிரி கருப்பாப் பழம் பழுக்கும். பூவைப் பாத்தா ஆசையா இருக்கும். ஆடு தின்னாச் சாகும். அதுக்கடியில ஒத்தப் புல்லு மொளைக்காது. ஆளுக்கு மேல வளந்து, ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு, உள்ள நொழைஞ்சா வெயிலு தெரியாதுங்க. வருசா வருசம் ஊரைப் பாத்து நகந்து வந்துக்கிட்டே இருக்கும்.

அப்பத்தான் ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து வந்தாங்க. "அம்மா, இதைக் கட்டியா அடிச்சு எரிக்கலாம், வெறகுக்குப் பதிலாப் போகும்"னாங்க. மூடிக்கெடந்த பட்டுப்புழு ஷெட்டுல ரண்டு மெஷினு கொண்டாந்து வெச்சாங்க. ஒண்ணு குச்சியைத் தூளாக்கும். இன்னொண்ணு அந்தத் தூளை அமுக்கி, கை மொத்தத்துக்குக் கட்டி கட்டியாத் தள்ளும். பொம்பளைகளாச் சேந்து குழு ஆரம்பிச்சோம். என்னைத் தலைவியாப் போட்டாங்க. எனக்கு ஆரு இருக்கறாங்க? என்ற ஊட்டுக்காரரு போயிச் சேந்துட்டாரு, குழந்தை குட்டி இல்லை. ஷெட்டுதான் ஊடு, மெஷினுதான் பேச்சுத்தொணை.

அந்தக் கட்டி எப்படி எரியும் தெரியுமுங்களா? பொகை கம்மி. நின்னு எரியும். சாயப்பட்டறை பாய்லரெல்லாம் அதுலதான் ஓடுச்சு. மலையில ஒரு மரம் விழுகாம பாய்லரு ஓடுதுன்னா எங்க கட்டியாலதானுங்க. கோயமுத்தூர்ல இருந்து காலேசுப் புள்ளைங்க வந்து என்னை நிக்க வெச்சுப் போட்டோ புடிச்சாங்க.

மொத வருசம் வேரோட புடுங்குனோம். கடப்பாரை போட்டு நெம்பி, கிழங்கு மாதிரி இருக்கற அடிவேரைக் கொத்தி எடுக்கோணும். இடுப்பு ஒடிஞ்சு போகும். ஆனா மழை பெஞ்சதும் அந்த எடத்துல புல்லு வந்துச்சு பாருங்க, வசந்தாமணிக்குத்தான் சந்தோசம். அவ ஆடு வெச்சிருக்கா. ஓடி வந்தா. "அக்கா, கொழுக்கட்டைப் புல்லு மொளைச்சிருக்குதுக்கா! நம்ம சின்னப்புள்ளையா இருந்தப்பப் பாத்தது!"ன்னு ஒரு கைப்புடி அறுத்துக் கொண்டாந்து மெஷினு மேல வெச்சுட்டுப் போனா. மெஷினு மேல எதையும் வெக்காதேன்னு அப்பவே திட்டுனேன்.

பாய்லருக்கு வாங்கறவரு ஜெயபாலுன்னு ஒருத்தரு. நல்ல மனுசன். அவரு சொல்லிட்டாரு, "தெய்வாத்தாக்கா, மாசா மாசம் லோடு வரோணும். ஒரு மாசம் வந்து ஒரு மாசம் வர்லீன்னா நான் பாய்லருக்கு என்னத்தைப் போடுவேன்?" செரிதானுங்களே? கிட்டக்க இருந்த செடியெல்லாம் தீந்துபோச்சு. இன்னும் தள்ளிப் போனா பாரஸ்டு எல்லை. நானும் ராவும் பகலுமா ரோசனை பண்ணேன்.

அப்பப் பாருங்க, ஒருத்தி சோம்பேறித்தனமா வேரை உட்டுட்டு வெட்டிப்போட்ட எடத்துல, ஒத்த மழைக்குத் தளதளன்னு துளுத்து நிக்குது. முன்ன ஒரு தண்டு இருந்த எடத்துல பத்துத் தண்டு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சுங்க. எதுக்கு வேரைப் புடுங்கோணும்? வெதைக்க வேண்டியதில்லை, தண்ணி கட்ட வேண்டியதில்லை, ஒரு கூடை எரு போட வேண்டியதில்லை. வெட்ட வெட்ட வருது. இந்த ஒலகத்துல அப்படி வேற எது வருது, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கே எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். இனி ஆரும் வேரைத் தொடக்கூடாது, முழங்கால் ஒசரத்துல வெட்டோணும், அடுத்த வருசம் அதே எடத்துக்கு வரோணும்னு. பொம்பளைகளுக்கும் சந்தோசம். இடுப்பு ஒடியற வேலை மிச்சமில்லீங்களா?

வசந்தாமணிக்குத்தான் புடிக்கலை. ஷெட்டுக்கு வந்தா. மெஷினை நிறுத்தச் சொன்னா. நான் நிறுத்தலை, லோடு இருந்துச்சு. கத்திக் கத்தித்தான் பேசுனா.

"அக்கா, புல்லு வந்த எடத்துலயெல்லாம் மறுபடியும் அதே வருதுக்கா. முன்னவிட அடத்தியா வருது."

"வரட்டும்டி. வந்தாத்தானே வெட்ட முடியும்."

"பள்ளத்துக்குப் போற வழி மூடுது. ஆட்டை ஓட்டிக்கிட்டு நொழைய முடியலை. பழம் பழுத்துக் கெடக்குது, பழத்துக்குக் கரடி வருதுன்னு அவரு சொல்றாரு. வழியில மட்டுமாச்சும் வேரோட எடுத்துருங்கக்கா."

"வழியிலதான்டி தண்டு மொத்த மொத்தமா நிக்குது. இந்த லோடு போகட்டும். பொறவு பாக்கலாம்."

இல்லீன்னு சொல்லலீங்க, கேட்டுக்கோங்க. பொறவு பாக்கலாம்னுதான் சொன்னேன். மறுக்காவும் வந்தா. அப்பவும், அடுத்த லோடு போகட்டும்னேன். அதுக்கப்புறம் அவ வர்லை. அவளா வாரதை நிறுத்திக்கிட்டா, அதுக்கு நான் என்ன பண்றது?

அன்னிக்கு வெடியால அவ செனையாடு ஒண்ணு தாம்புக்கயித்தை அறுத்துக்கிட்டு உண்ணிக்காட்டுக்குள்ள போயிருச்சு. ஈனுறதுக்கு ஆடு மறைவு தேடும் பாருங்க. அதைத் தேடிக்கிட்டு இவ போயிருக்கா. எங்க ஷெட்டுக்குப் பின்னாலதானுங்க அந்த வழி, கூப்புடு தூரம். உள்ள பெட்டைக் கரடி, முதுகுல ரண்டு குட்டிய வெச்சுக்கிட்டுப் பழம் தின்னுக்கிட்டு இருந்திருக்குது. இவ குனிஞ்சு குனிஞ்சு போனதுல மூஞ்சிக்கு மூஞ்சி போயி நின்னுட்டா. கரடி எந்திரிச்சு மூஞ்சிலதானுங்க அடிக்கும்.

கத்தியிருக்கா. கத்தாம இருப்பாளா? கத்துனேன் கத்துனேன்னுதான் டாக்டருகிட்டச் சொன்னாளாம். அக்கா அக்கான்னு கத்துனாளாம். கூப்புடு தூரந்தான், இல்லீங்கலை. ஆனா மெஷினு ஓடுச்சுங்க. தூளாக்கற மெஷினு ஓடுனா பக்கத்துல நிக்கறவ பேசறதே கேக்காது. நீங்க வேணா வந்து நின்னு பாருங்க. எனக்கு எப்படிங்க கேக்கும்?

டீ குடிக்க நிறுத்துனோம். அப்பத்தான் கேட்டுச்சு. அவ சத்தமில்லை, அவளுக்கு அப்பச் சத்தம் வர்லை. ஆட்டுக்குட்டி கத்துச்சு, அப்பத்தான் ஈன்ற குட்டி. "அட, ஆரோட ஆடோ ஈன்றுக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் டம்ளரோட போனோம். ஆடு குட்டியை நக்கிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு அக்கட்ட இவ கெடந்தா.

நாந்தான் மொதல்ல போனேன். சேலைத் தலைப்பைக் கிழிச்சு மூஞ்சியைச் சுத்திட்டேன். ரத்தம் நிக்கோணுமில்ல? சுத்திச் சுத்திக் கட்டிட்டேன். பாக்கலீங்க. கண்ணை மூடிக்கிட்டுத்தான் கட்டுனேன். ஆம்புலன்சுல இங்க வர்ற வரைக்கும் அவ கை என்ற கைக்குள்ளதான் இருந்துச்சு, அப்ப உதறலை. கண்ணு முழிச்சு, மெஷினு ஓடுன கதையை ஆரோ சொன்னதுக்கப்புறந்தான் என்னை வேண்டாம்னுட்டா.

நீங்களே சொல்லுங்க. கரடியை நானா வளத்தேன்? பழத்தை நானா பழுக்க வெச்சேன்? அந்தச் செடி எங்கப்பன் காலத்துக்கு முந்தியே அங்க நிக்குது.

செரி, அதை உடுங்க. நாச்சிமுத்து விசயத்துக்கு வர்றேன். மூணாவது ஆபரேசன் முடியற வரைக்கும் இந்த வராண்டாவுலதான் கெடந்தாரு. கட்டுப் பிரிச்சு அவ மூஞ்சியைப் பாத்த அன்னிக்கு எந்திரிச்சு ஊருக்கு வந்தாரு. ஊட்டுக்குள்ள கூடப் போகலீங்க. கடப்பாரையும் மம்முட்டியும் எடுத்துக்கிட்டு நேரா மேய்ச்சக்காட்டுக்குப் போயிட்டாரு. ஒத்தை ஆளு. ஒவ்வொரு செடியா நெம்பி, வேரோட எடுத்து, வெயில்ல கவுத்து வெக்கறாரு. காஞ்சதும் அங்கயே தீ வெச்சுடறாரு. ஷெட்டுக்கு ஒத்தக் குச்சி வர்றதில்லை. ராத்திரிக்கு ஊட்டுக்குப் போறது, வெடிஞ்சா வந்துடறது. சோறு தண்ணி கெடையாது. கையெல்லாம் கிழிஞ்சு சீழ் வெச்சிருக்குது. ஆம்பளைங்க நாலு பேரு போயிச் சொன்னாங்க, நிமுந்து கூடப் பாக்கலை.

இங்க மெஷினு சும்மா நிக்குது. ஜெயபாலு, "அக்கா, நான் தேங்காமட்டைக்கு மாறிக்கறேன்"னுட்டாரு. பொம்பளைங்க வந்து வாசல்ல உக்காந்துக்கறாங்க. "உங்க மாப்பிள்ளையை நீங்கதான் நிறுத்தோணும்"ங்கறாங்க. அப்புறம் நான்தான் போனேன்.

"மாப்பிள்ளை, உங்க காலுல உழுகறேன், போதும் நிறுத்துங்க. இத்தனை குடும்பம் இதை நம்பி இருக்குது"ன்னேன்.

கடப்பாரையை ஊனிக்கிட்டு நின்னாரு. அப்புறம் சொன்னாரு. "அவளுக்கு இப்ப ஒத்தக் கண்ணுதானுங்க. ஊட்டுக்கு வர்றப்ப, அந்த ஒத்தக் கண்ணுல இந்தச் செடி படக்கூடாது." அவ்வளவுதான். திரும்பவும் குனிஞ்சுட்டாரு.

நேத்து நடந்ததுதான் கேளுங்க. சோத்தைப் போசியில போட்டுக்கிட்டு மறுக்காப் போனேன். பள்ளத்துக் கரையில நிக்குதுங்க, அதே கரடி. குட்டிக முதுகுல இருந்து எறங்கிக் கால்கிட்ட நிக்குது. அவரு அதைப் பாத்துட்டாரு. பாத்துட்டும் வேரை நெம்பிக்கிட்டே இருக்காரு! நான் போசி மூடியை எடுத்து டம் டம்முனு தட்டி, தொண்டை கிழியக் கத்துனேன். கொஞ்ச நேரம் முழிச்சுப் பாத்துட்டு அது திரும்பிப் போச்சு. எனக்கு மூத்தரமே போயிருச்சுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

"மாப்பிள்ளை, சாகறதுக்குன்னே நிக்கறீங்களா?"ன்னேன்.

"அது குடியிருக்கற ஊட்டை நான் பிரிக்கறேன். அதுக்குக் கோவம் வராதுங்களா?"ன்னு கேக்கறாரு. ஆருக்கோ நாயம் சொல்ற மாதிரி, அமைதியா. மூளை கலங்கிப்போச்சுங்க அந்த மனுசனுக்கு. அடுத்த வாட்டி நான் அங்க இருப்பனா? போசி மூடி இருக்குமா?

அதனாலதான் அம்மிணி, நீங்க உள்ள போங்க. மொதல்ல கரடி வந்ததைச் சொல்லுங்க. "உன்ற ஊட்டுக்காரரைப் போன் பண்ணிக் கூப்புடு, இங்க வந்து உக்காரச் சொல்லு"ன்னு சொல்லுங்க. பாய்லரைப் பத்திப் பேசவேண்டாம். ஜெயபாலு பேரையே எடுக்காதீங்க. இல்லை, இருங்க, அந்தப் பொம்பளைங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க, அவங்க எல்லாரையும் அவளுக்குத் தெரியும், எரக்கப்படுவா. அப்புறம் இதையும் சொல்லுங்க. பள்ளத்துக்குப் போற வழியை நானே வேரோட எடுத்துத் தந்தர்றேன். சத்தியமா. மேய்ச்சக்காட்டுல மேக்குச் சரிவை மட்டும் தொடாம உட்டுரச் சொல்லுங்க. அங்க ஆரும் போறதில்லை. அது மட்டும் இருந்தாப் போதும், மாசம் ஒரு லோடு பாய்லருக்குத் தாட்டி உட்டுருவேன்.

இதுல என்ன தப்பு? ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ கேட்டதைத்தானே தர்றேங்கறேன்.

போயிட்டு வாங்க கண்ணு. உங்க மாமியாருக்கு வேணும்னா இந்தச் சூப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. நான் இங்கயே இருக்கேன்.

*

வந்துட்டீங்களா. ஏனுங்க இத்தனை நேரம்? அழுதாளா? திட்டுனாளா?

கரடியைச் சொன்னீங்களா? என்ன பண்ணா? போனைக் கையில எடுத்தாளா, இல்லியா? இல்லியா.

பொறவு? சரிவைப் பத்திச் சொன்னதுக்கு?

என்னது? மறுக்காச் சொல்லுங்க, எனக்குக் காது சித்த மந்தம், மெஷினுகிட்டயே இருந்து இருந்து.

"மொதல்ல வந்து என்னைப் பாக்கட்டும். பாத்துட்டு அப்புறம் கேக்கட்டும்." அப்படியேவா சொன்னா? வேற ஒண்ணும் சொல்லலியா? அக்காங்கற வார்த்தை வந்துச்சுங்களா? வர்லியா.

என்னை வரச் சொல்லிட்டா. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க. இத்தனை நாளா நான் இதுக்குத்தானே…

கட்டெல்லாம் பிரிச்சாச்சுங்களா இப்ப? முழுசாவா? துணி கிணி ஒண்ணும் போத்தலியா மூஞ்சில? எப்படிங்க இருக்குது? நீங்க தெனமும் பாக்கறீங்களே, எப்படி இருக்குது? சொல்லமாட்டீங்களா. செரி.

மணி என்னங்க ஆச்சு? பஸ்ஸை உட்டா அடுத்தது கூட்டமா வரும். இன்னிக்கு வெள்ளிக்கெழமை வேற. நான் வேணா அடுத்த வாரம் நல்லா ரோசனை பண்ணி, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு… அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழமாச்சும் வாங்கியாரேனே. வெறுங்கையோட எப்படிங்க போறது? சூப்பையும் உங்ககிட்டக் குடுத்துட்டேன்.

இல்லை இல்லை, போகலை. பயமெல்லாம் இல்லை. என்ற தங்கச்சிகிட்ட எனக்கென்ன பயம்? எங்கம்மா சீக்குல கெடந்தப்ப இவளைக் குளிப்பாட்டி, தலைசீவி, பொட்டு வெச்சு உட்டது நானுங்க. அந்த மூஞ்சி எனக்கு மனப்பாடம். இந்தக் கன்னத்துல ஒரு குழி உழுகும், சிரிச்சா. பாத்திருக்கீங்களா? ஆமா, நீங்க எப்படிப் பாத்திருப்பீங்க.

அடுத்த வாரம் வரைக்கும் நாச்சிமுத்து இருப்பாரோ என்னமோ. செரி, எந்திரிங்க. உங்க கையைக் குடுங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன். கதவை நீங்களே தொறங்க.

எந்தப் பக்கமுங்க? ஆ. அந்தாண்ட, சன்னலுக்கு இந்தப் பக்கம்.

வசந்தா.

வசந்தாமணி, நான்தான்டி வந்திருக்கேன். தெய்வாத்தா.

அம்மிணி, கையை உட்றாதீங்க. எங்கயும் போயிறாதீங்க. என்னைத்தான் பாக்கறா. இது… அவ சிரிக்கறாளுங்களா, அழுகறாளுங்களா? நீங்க தெனமும் பாக்கறவங்க, உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியலீங்களே. என்ற தங்கச்சிங்க, எனக்குத் தெரியலீங்களே.